பொலிஸ் முறைப்பாட்டிலிருந்து மேன்முறையீடு வரை: மலையகக் குடும்பங்கள் ஒரு குற்றவியல் வழக்கை எதிர்கொள்ளும் முறை

இலங்கையின் மலையகத்தில் முதன்முறையாகப் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் குடும்பங்கள் இடறுவது பெரும்பாலும் சட்ட நுணுக்கங்களில் அல்ல. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை என்னவென்று கேட்காமலே ஒப்பமிடுவதிலும், பிணையாளியின் சான்றிதழை நேரத்துக்கு எடுக்காமல் விடுவதிலும், தவணைத் திகதியைப் பிழையாகக் கேட்டுக்கொள்வதிலும்தான் இடறுகிறார்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, வலப்பனை என எந்த நீதிமன்றமாக இருந்தாலும் வழக்கின் ஓட்டம் ஒன்றுதான். அந்த ஓட்டத்தின் வரிசையிலேயே, முறைப்பாட்டாளரின் பக்கத்தையும் சந்தேகநபரின் பக்கத்தையும் சேர்த்து இங்கே விளக்குகிறேன்.

1. முதலில் ஒரு கோப்பும் ஒரே முகவரியும்

குடும்பத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பொறுப்பாக இருந்து, எல்லாக் காகிதங்களையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். தேசிய அடையாள அட்டையின் பிரதி, முறைப்பாட்டு இலக்கமும் திகதியும், பொலிஸ் நிலையத்தில் பேசிய அதிகாரியின் பெயர், பின்னர் வழக்கு இலக்கம், ஒவ்வொரு தவணைத் திகதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். நீதிமன்றப் பதிவகத்தில் ஆளின் பெயரைச் சொல்லி வழக்கேட்டைத் தேடுவது கடினம். இலக்கம் இருந்தால் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள்.

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வெவ்வேறு எழுத்துக்களில் இருப்பது தோட்டங்களில் சாதாரணம். அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லா இடங்களிலும் பெயரைக் கொடுங்கள். ஒரே ஆள் முறைப்பாட்டில் ஒரு பெயரோடும் பிணைப் பத்திரத்தில் இன்னொரு பெயரோடும் இருந்தால், அதைச் சரிசெய்வதற்கே ஒரு தவணை போய்விடும்.

முகவரி அதைவிட முக்கியம். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வசிப்பவர்களுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் கைக்குக் கிடைக்கும். நீதிமன்ற அழைப்பாணை இப்படித் தாமதித்து, தவணை கடந்த பிறகு வந்து சேர்ந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், லய இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றையும் எழுதிக் கொடுங்கள். வழக்கு நடக்கும் காலத்தில் வாரம் ஒரு முறையாவது காரியாலயத்தில் கடிதம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

2. முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுப்பது

அவசரத்துக்கு 119 ஐ அழைக்கலாம். ஆனால் வழக்கின் அடித்தளம், பொலிஸ் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவலே. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆவது பிரிவின்படி, வாய்மொழியாகச் சொல்லப்படும் தகவலை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே தம் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அதுவும் முடியாதபோதுதான் வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் காரணத்தைப் பதிந்து, எழுதியதை முறைப்பாட்டாளருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே போகும் முன் வீட்டிலேயே தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், யார் செய்தது, யார் பார்த்தது என்பன போதும். பழைய பகை, காணிப் பிரச்சினை, சங்கத் தகராறு ஆகியவற்றை முன்னால் கொட்டினால் சம்பவம் பின்னுக்குப் போய்விடும். பார்த்த சாட்சிகளின் பெயர்களை முதல் நாளே சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து முளைக்கும் சாட்சியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கும் கேள்வி, “அன்றைக்கு ஏன் இவருடைய பெயரைச் சொல்லவில்லை?” என்பதாகவே இருக்கும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் மிகப் பெரிய பிழையை விரிவாகவே சொல்ல வேண்டும். தாய் ஒருவர் தமிழில் சொல்கிறார்; அரைகுறைத் தமிழ் தெரிந்த அதிகாரி சிங்களத்தில் எழுதுகிறார்; “சரி அம்மா, இதில ஒப்பம் வையுங்கள்” என்கிறார்; தாயும் வைத்துவிடுகிறார். “கத்தியைக் காட்டி மிரட்டினான்” என்று அவர் சொன்னது “திட்டினான்” என்று பதிவாகியிருந்தால், நீதிமன்றத்தில் அவர் உண்மையைச் சொல்லும்போது அது முரண்பாடாகத் தெரியும். ஆகவே ஒப்பமிடும் முன், “எழுதியதைத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள் ஐயா” என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த உறவினர் ஒருவரைக் கூட அழைத்துப் போவது இதைவிட நல்லது. பிழை இருந்தால் ஒப்பமிடும் முன்பே திருத்தச் சொல்ல வேண்டும்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் அங்கேயே வாதாட வேண்டாம். நிலையப் பொறுப்பதிகாரியைச் சந்தியுங்கள். அதிலும் பலன் இல்லையென்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, தபால் பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். சட்டத்தரணி ஒருவர் மூலம் நேரடியாக நீதவானிடமே முறைப்பாடு செய்யவும் அதே சட்டக்கோவையின் 136 ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஆனால் அப்படித் தொடுத்தவர் தவணைக்கு வராவிட்டால் வழக்கே விழுந்துவிடக்கூடும் என்பதை அறிந்து அதில் இறங்க வேண்டும்.

3. காயம் பட்டிருந்தால்

தோட்ட வைத்திய நிலையத்தில் மருந்து கட்டிக்கொண்டு வீடு திரும்புவது, அடிதடி வழக்குகளை வலுவிழக்கச் செய்யும் காரணங்களில் முதன்மையானது. காயத்தின் தன்மையை நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டியது சட்ட வைத்தியப் பரிசோதனை அறிக்கை. பொலிஸார் தரும் பரிசோதனைப் படிவத்தோடு அரசாங்க வைத்தியசாலைக்குப் போனால்தான் அது கிடைக்கும். உயிராபத்தான காயமென்றால் படிவத்துக்குக் காத்திராமல் நேராக வைத்தியசாலைக்குப் போய், அடிபட்ட விதத்தை அனுமதிக்கும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். “விழுந்துவிட்டேன்” என்று அங்கே சொன்னால், அது அப்படியே பதிவாகிப் பின்னால் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும்.

வீட்டு வன்முறையில் தண்டனை வழக்குக்குப் புறம்பாக இன்னொரு வழியும் உண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய உதவி இலக்கங்கள் இதற்கு முதற்படியாக உதவும்.

4. மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிய பிணக்குகள்

சிறு காயம், அத்துமீறல், சிறு சேதம் போன்ற சில குற்றங்கள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் அட்டவணைக்குள் வருகின்றன. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. இரு தரப்பும் நேரில் பேச வேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால் இணங்காமைச் சான்றிதழ் தரப்படும். அதைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்கு வரக் கூடாது.

இதையும், பொலிஸ் நிலைய வாசலில் தோட்டத் தலைவரோ வேறொருவரோ செய்துவைக்கும் சமாதானத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது. வாசல் சமாதானத்துக்கு ஆவணம் இல்லை. மறுபடி அடிபட்டால் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. பாலியல் குற்றம், சிறுவர் மீதான குற்றம், பாரிய காயம் ஆகியவற்றில் “பேசித் தீர்ப்போம்” என்று யார் சொன்னாலும், எத்தனை பெரிய மனிதர் சொன்னாலும், இடங்கொடுக்காதீர்கள்.

5. கைது: முதல் 24 மணித்தியாலம்

கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை. பிடியாணை இன்றிக் கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது பொதுச் சட்டம். பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் போதைப்பொருள் சட்டத்திலும் தடுப்புக்கும் பிணைக்கும் வேறு விதிகள் இருப்பதால், அவற்றில் முதல் மணித்தியாலத்திலேயே சட்டத்தரணியை நாட வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணிக்குக் கைது, என்ன குற்றச்சாட்டு என்ற மூன்றையும் எழுதிக்கொள்வது. 24 மணித்தியாலம் எப்போது தொடங்கியது என்பது பின்னர் கேள்வியானால், அந்தக் குறிப்புதான் உங்கள் ஆதாரம். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து சந்தேகநபருக்காகப் பேசலாம்.

சந்தேகநபர் நினைவில் கொள்ள வேண்டியவை சில. பெயர், முகவரி, அடையாளம் ஆகியவற்றை மறைக்கக் கூடாது. தன்னைக் குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விகளுக்குச் சட்டத்தரணியுடன் பேசிய பின் பதில் சொல்வதாகக் கூறலாம். பொலிஸ் அதிகாரியிடம் செய்யும் குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆவது பிரிவு. இதைக் கேட்டுவிட்டு, எதைச் சொன்னாலும் பரவாயில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நிலைமை வேறு. சாதாரண வழக்கிலும் அந்தக் கூற்றைத் தொடர்ந்து கண்டெடுக்கப்படும் பொருட்கள் வழக்குக்குள் வரக்கூடும். வெற்றுத் தாளில் ஒப்பம் எந்த நிலையிலும் கூடாது.

பெண்ணைப் பெண்ணே சோதனையிட வேண்டும். பிடிபட்டவர் சிறுபிள்ளையானால் பிறப்புச் சான்றிதழை உடனே கொண்டுபோங்கள். 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்ட வயதில் பிள்ளையின் முதிர்ச்சி கருத்தில் கொள்ளப்படும்.

6. நீதவான் முன் முதல் நாள்

பொலிஸார் “பீ அறிக்கை” என்ற ஒன்றைத் தாக்கல் செய்து, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீதவானுக்குச் சொல்வார்கள். அது குற்றத் தீர்ப்பும் அல்ல, குற்றப்பத்திரமும் அல்ல. அந்த அறிக்கையின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) மூலம் சட்டத்தரணி அதன் பிரதியைப் பெறலாம். விடுமுறை நாளென்றால் பதில் நீதவானின் வாசஸ்தலத்தில் நிறுத்தப்படுவதும் உண்டு. ஆகவே நீதிமன்றக் கதவு மூடியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாமல், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று பொலிஸ் நிலையத்தில் கேளுங்கள்.

அடித்ததாகவோ துன்புறுத்தியதாகவோ இருந்தால், அதை நீதவானிடம் சொல்ல வேண்டிய நாள் இதுதான். முதல் நாள் மௌனமாக இருந்துவிட்டு மூன்றாம் தவணையில் சொன்னால் காயம் ஆறியிருக்கும். வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பும்படி அப்போதே கேட்க வேண்டும்.

மலையக நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் சிங்களத்தில் நடக்கின்றன. அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரையின்படி, வழக்குத் தரப்பினர் தமிழிலும் வழக்கெழுத்துக்களைச் சமர்ப்பிக்கலாம். நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரச செலவில் உரைபெயர்ப்பு உரிமை உண்டு. விளங்காதபோது தலையாட்டாதீர்கள். “எனக்குத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டும்” என்று கூண்டில் நின்றபடியே சொல்லலாம்; முதலியார் எனப்படும் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்பார். இதைக் கேட்பதால் நீதவான் கோபிப்பார் என்ற பயம் வீணானது.

சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். வருமானத்தைக் காட்ட சம்பளச் சீட்டும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் உதவும். நீதிமன்ற வாசலில் “நான் பேசி முடித்துத் தருகிறேன்” என்று வரும் தரகர்களிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சட்டத்தரணியிடம் நேரில் பேசி, கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள்.

7. பிணை: சான்றிதழ்களை முன்கூட்டியே எடுப்பது

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் வழிகாட்டும் கொள்கை, பிணை வழங்குவதே விதி, மறுப்பதே விதிவிலக்கு என்பது. பிணை வழங்கக்கூடிய குற்றங்களில் அது உரிமை. சிலவற்றில் பொலிஸ் நிலையத்திலேயே பிணை கிடைக்கும். மற்றவற்றில் நீதவானின் தற்றுணிபு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களில் மேல் நீதிமன்றத்தை நாட வேண்டும். சாட்சிகளை மிரட்டுவார், ஓடிவிடுவார், மறுபடி குற்றம் செய்வார் என்று கருத இடமிருந்தால் பிணை மறுக்கப்படும். ஆகவே பிணைக்கு முன்னும் பின்னும் சந்தேகநபரின் உறவினர்கள் முறைப்பாட்டாளரின் வீட்டுப் பக்கம் போகவே கூடாது. “மன்னிப்புக் கேட்கத்தான் போனோம்” என்பது பொலிஸாரின் ஏட்டில் மிரட்டலாகவே பதிவாகும்.

ரொக்கப் பிணைக்குப் பணம் கட்ட வேண்டும். பற்றுச்சீட்டைத் தொலைத்தால் வழக்கு முடிந்து பணத்தை மீளப் பெறுவது பெரும்பாடு. சரீரப் பிணைக்குப் பிணையாளிகள் வேண்டும். தோட்டத்தில் காணி உறுதி இல்லாததால், இந்தக் கட்டத்தில்தான் குடும்பங்கள் சிக்குகின்றன. பிணையாளி நிலையான வதிவிடமும் வருமானமும் உள்ளவர் என்பதைக் காட்ட வேண்டும். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் தந்து பிரதேச செயலகத்தில் மேலொப்பமிடப்பட்ட வதிவிடச் சான்றிதழ், சம்பளச் சீட்டு ஆகியவற்றை வழக்கமாகக் கேட்பார்கள். நெருங்கிய உறவினர் ஒருவர் வேண்டும் என்றும் சில வேளைகளில் கட்டளை இருக்கும்.

இதன் வரிசை தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வெள்ளிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். முற்பகல் பதினொரு மணிக்குப் பிணை கிடைக்கிறது. கிராம உத்தியோகத்தர் வெளியே போயிருக்கிறார். பிற்பகல் கடிதம் கிடைத்தாலும் பிரதேச செயலகத்தில் ஒப்பமிட ஆளில்லை. பதிவாளர் பத்திரங்களை ஏற்கும் நேரமும் முடிகிறது. பிணை கிடைத்த ஆள் திங்கள் வரை சிறையில் இருக்கிறார். ஆகவே கைது நடந்த மறு காலையே, பிணை கிடைக்குமா என்று பார்த்திராமல், இருவருக்குப் பதில் மூன்று பிணையாளிகளின் சான்றிதழ்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பத்திரம் நிராகரிக்கப்பட்டாலும் மற்ற இருவர் இருப்பார்கள்.

பிணை கிடைக்காவிட்டால் விளக்கமறியல். வழக்கத்தில் 14 நாட்களுக்கு ஒரு முறை வழக்கு நீதவான் முன் மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் பிணை கேட்கலாம். தீர்ப்பின்றி 12 மாதத்துக்கு மேல் ஒருவரைத் தடுத்துவைக்க முடியாது என்பதும், சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் மேலும் 12 மாதம் வரை நீடிக்கலாம் என்பதும் பிணைச் சட்டத்தின் ஏற்பாடு. அந்த எல்லையைக் கணக்கிட்டு நினைவூட்டுவது குடும்பத்தின் வேலை.

8. குற்றப்பத்திரம், தவணை, சாட்சியம்

விசாரணை முடிந்ததும் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டு, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்கப்படும். “குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டால் இன்றே முடிந்துவிடும்” என்ற யோசனை வாசலிலேயே கிடைக்கும். பல இளைஞர்கள் செய்யாத குற்றத்தை அப்படி ஒப்புக்கொள்வதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். குற்றத் தீர்ப்பு பதிவாகிவிடும். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்று எடுக்கப் போகும் நாளில் அது தலைகாட்டும். தானே ஒப்புக்கொண்ட வழக்கில் மேன்முறையீட்டுக்கான வழியும் மிகச் சுருங்கிவிடும். சட்டத்தரணியிடம் பேசாமல் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள்.

தவணை நாளில் காலை 9 மணிக்கு முன்பே மண்டபத்துக்குள் இருக்க வேண்டும். தொலைபேசியை அணைத்து வையுங்கள். பெயர் கூப்பிடும் நேரத்தில் எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் பிடியாணை பிறப்பிக்கப்பட்டிருக்கிறது. சுகவீனமென்றால் வைத்தியச் சான்றிதழைச் சட்டத்தரணி மூலம் அன்றே சமர்ப்பியுங்கள். பிடியாணை வந்துவிட்டால் ஒளிந்திருக்காமல், சட்டத்தரணியோடு தானாக முன்னிலையாகி அதை மீளப்பெறக் கேளுங்கள்.

அடுத்த திகதியைக் கூண்டில் நின்று காதால் கேட்டது மட்டும் போதாது. வெளியே வந்ததும் சட்டத்தரணியிடம் உறுதிப்படுத்தி எழுதுங்கள். சாட்சி சொல்பவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது சாட்சியத்தைப் பலப்படுத்தும். சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். மிரட்டல் வந்தால் அன்றே முறைப்பாடு செய்யுங்கள்.

9. பாரிய குற்றங்கள் மேல் நீதிமன்றத்துக்கு

கொலை, பாலியல் வல்லுறவு போன்றவற்றை விசாரிக்க நீதவானுக்கு அதிகாரமில்லை. சட்டமா அதிபர் குற்றப் பகர்வுப் பத்திரத்தை (மேல் நீதிமன்றத்துக்கான குற்றச்சாட்டு ஆவணத்தை) தாக்கல் செய்த பின், நுவரெலியா, கண்டி, பதுளை போன்ற இடங்களில் உள்ள மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும். இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீளலாம். இடம் மாறிய சாட்சிகள் புதிய முகவரியைப் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் சாட்சிகளாக இருக்கும் குடும்பங்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

10. தீர்ப்புக்குப் பின் 14 நாள்

நீதவானின் தீர்ப்புக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், மேல் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் 14 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். “அடுத்த சம்பளத்துக்குப் பிறகு பார்ப்போம்” என்று விட்டால் காலம் கடந்துவிடும். சிறைப்பட்டவர் வெளியே ஆளில்லாமல் இருந்தால், சிறை அதிகாரியிடம் அதே காலத்துக்குள் மேன்முறையீட்டைத் தெரிவிக்கலாம். மேன்முறையீடு செய்ததனாலேயே பிணை வந்துவிடாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

11. பொலிஸார் சட்டத்தை மீறியிருந்தால்

சட்டவிரோதக் கைது, சித்திரவதை போன்ற அடிப்படை உரிமை மீறலுக்கு, அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேர்வதில்லை. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. முறைப்பாட்டைக் கொடுத்ததோடு காலம் நின்றுவிட்டது என்று இருந்துவிடாமல், விசாரணை உண்மையில் நடக்கிறதா என்பதைக் கடிதம் எழுதிக் கேட்டு, அந்தப் பதில்களையும் முதற்பிரிவில் சொன்ன கோப்பிலேயே சேர்த்து, மாதம் முடிவதற்கு முன்பே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.